நாற்பத்திரண்டு கண்ணிகளில் ஒரு தொப்பி

எழுதுபவள் குறிப்பு: அண்ணே, இந்தக் கடிதத்தில் அம்மா சொல்வது எல்லாவற்றையும், சொல்லாமல் செய்வதையும் சேர்த்து, உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். எதையும் கூட்ட மாட்டேன், எதையும் மறைக்கவும் மாட்டேன். ஆனால் அம்மா பேசுகிற மாதிரியே எழுதக் கூடாதாம். "புத்தகத்துல இருக்கிற மாதிரி எழுது தேனு. நாளைக்கு யாரு எடுத்துப் படிச்சாலும் புரியணும்" என்றாள். ஆகவே கடிதத்தில் 'நான்' என்று வருகிற இடமெல்லாம் அம்மா. நான் குறுக்கே வரும்போது மட்டும் இதுபோல் குறிப்பு என்று போட்டுவிடுவேன். இன்று சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. இடம் சுங்கை சிப்புட், நம் வீட்டு முன்கூடம். ஒரு பக்கம் முடிந்ததும் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவேன். இப்படிக்கு உன் தங்கை தேன்மொழி, பள்ளியில் நான்காம் படிவம்.

அன்புள்ள ஐயா, உன் மகள் பிறந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. நீ சரவாக்கின் மீரியிலிருந்து அனுப்பிய படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. முப்பதாவது வாரத்தில் பிறந்தவள், ஒரு கிலோ இருநூறு கிராம் என்று நீ சொன்னபோது, நான் சமையலறைக்குப் போய் ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்தேன். இதைவிடக் கொஞ்சம்தான் கூட. நானும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள்தான். ஆனால் இவ்வளவு சின்னதாக, இவ்வளவு முழுதாக ஒன்றை நான் பார்த்ததே இல்லை. காது மடல் புளியங்கொட்டை அளவுதான் இருக்கிறது, அதற்குள் எத்தனை மடிப்பு. விரலில் நகம்கூட இருக்கிறது ஐயா. இரண்டரை மாதம் முன்னாலேயே கிளம்பி வந்தவளுக்கு, நகத்தை மறக்காமல் யார் வைத்து அனுப்பினார்கள் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். உன் சுண்டு விரலை அவள் பிடித்திருக்கிறாள். அவளுடைய முழுக்கையும் அதைச் சுற்றி வரவில்லை. ஆனாலும் பிடி விடவில்லை.

மஞ்சள் காமாலைக்காக அவளை நீல விளக்குகளுக்குக் கீழே படுக்க வைத்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் அந்த வெளிச்சம் பட வேண்டும் என்பதால் கண்ணுக்குக் கட்டும் இடுப்புக்கு ஒரு துணியும் மட்டும்தான். ரத்தத்தில் மஞ்சள் இறங்கியதும் விளக்கை அணைப்பார்கள், அதற்குப் பிறகு தலைக்குத் தொப்பி போடலாம், உடம்புச் சூடு தலை வழியாகத்தான் அதிகம் போகும், வேண்டுமானால் வீட்டிலிருந்தே பருத்தி நூலில் ஒன்று கொண்டு வாருங்கள் என்று தாதி சொன்னதாகச் சொன்னாய். உடனே என்னைத்தான் கேட்டாய். "அம்மா, நீங்க ஒண்ணு பின்னி அனுப்புங்களேன்" என்றாய். எனக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, கொக்கி ஊசியைப் பிடிக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். பிறகு, "அப்ப எப்படின்னு எழுதி அனுப்புங்கம்மா, நான் பின்னுறேன். கண்ணாடிக்கு வெளிய சும்மா நிக்க முடியல. கைக்கு ஒரு வேலை வேணும்" என்றாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

எழுதுபவள் குறிப்பு: அம்மாவின் கண்ணைப் பற்றி எழுதும்போது என் பேனா நின்றுவிட்டது. நேற்று எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை என்று நம் வாசலில் நின்றே சொன்னவள் அம்மா. அதை நினைவுபடுத்தினேன். "சொல்றத மட்டும் எழுது" என்றாள். அதையும் எழுதிவிட்டேன்.

முதலில் நூல். பருத்தி நூல் வாங்கு, வழவழப்பாக இருக்க வேண்டும், பஞ்சு பறக்கக் கூடாது, ரொம்ப மெல்லியதும் வேண்டாம். நிறம் வெளிர் நிறமாகவே இருக்கட்டும். புதிதாகப் பின்னுகிறவர்கள் ஆசைப்பட்டுக் கறுப்பு, கருநீலம் என்று வாங்கிவிடுவார்கள். அதில் எந்த ஓட்டைக்குள் குத்துவது என்றே தெரியாது. வெள்ளை, இளமஞ்சள், பால் பச்சை இவற்றில் ஒவ்வொரு கண்ணியும் தானே வந்து முகம் காட்டும். நூல் உருண்டையைத் தரையில் விடாதே. ஆஸ்பத்திரித் தரை. ஒரு மைலோ டின்னைக் கழுவிக் காயவைத்து, பிளாஸ்டிக் மூடியில் ஓட்டை போட்டு, அதன் வழியாக நூலை வெளியே எடு. உருண்டை உள்ளேயே உருளும், அழுக்காகாது, சிக்காகாது. ஊசி மூன்றரை மில்லிமீட்டர் என்று கேள், பிடிப்பக்கத்தில் எழுதியிருக்கும். மெல்லிய இரும்பு ஊசியை அரைமணி பிடித்தாலே கட்டைவிரல் வலிக்கும். அதற்கு உன் அப்பா ஒரு வழி சொல்கிறார்.

எழுதுபவள் குறிப்பு: அப்பா சொன்னது அப்படியே. "பழைய சைக்கிள் டியூப ஒரு துண்டு வெட்டி கைப்பிடியில சுத்தச் சொல்லு. ஸ்பேனர் மாதிரி கைக்குள்ள நிக்கணும்லா. வழுக்குற சாமான வச்சு எவன் வேலை செய்வான்?" அப்பா லாரி ஓட்டுகிறவர் என்பதால் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் ஸ்பேனரோடுதான் ஒப்பிடுவார். ஆனால் அம்மாவின் பழைய ஊசியில் அந்த டியூப் துண்டு பன்னிரண்டு வருடமாக இருக்கிறது என்பதும் உண்மை. அந்த ஊசி இப்போது அலமாரிக்கு மேலே, கைக்கு எட்டாத இடத்தில் கிடக்கிறது. ஏன் என்று கேட்டேன். "அடுத்த வரிய எழுது" என்றாள்.

ஊசியைப் பென்சில் பிடிப்பதுபோல் பிடிக்கலாம், கத்தி பிடிப்பதுபோலவும் பிடிக்கலாம். எது சரி என்று யாராவது சண்டை போட்டால் காதில் வாங்காதே, உன் கை எதைக் கேட்கிறதோ அதுதான் சரி. நூலை இடது கைச் சுண்டு விரலில் ஒரு சுற்று, பிறகு ஆள்காட்டி விரலுக்கு மேலாக. நூல் விரலில் ஓட வேண்டும், நிற்கக் கூடாது. தொடக்கத்தில் ஒரு சுருக்குக் கண்ணி போடு. அதற்குள்ளிருந்து நூலை இழுத்து இழுத்து நான்கு சங்கிலி. நான்காவதை முதலாவதோடு இணைத்தால் ஒரு வளையம் கிடைக்கும். மாய வளையம் என்று விரலில் நூலைச் சுற்றிப் போடும் முறை ஒன்று வீடியோக்களில் வரும். அழகானதுதான், ஆனால் முதல் நாளே அதில் மாட்டிக்கொண்டு ஊசியைத் தூக்கிப் போட்டவர்கள் ஏராளம். உனக்கு வளையம் வேண்டும், அவ்வளவுதான். சங்கிலியை இறுக்கிப் போடாதே. கை இறுகினால் அடுத்த சுற்றில் ஊசி நுழைய இடம் இருக்காது. தெரியாமல் இறுகிவிடுகிறது என்றால், சங்கிலிக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியை எடுத்துக்கொள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இறுக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உனக்குச் சரவாக்கில் ஆசிரியர் வேலை என்று கடிதம் வந்தபோது நான் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. கடல் தாண்டிப் போகிறவன் திரும்பி வர மாட்டான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்த வாரம் நான் பின்னிய மேசை விரிப்பு இன்னும் இருக்கிறது, தேனு எடுத்துப் பார்த்தாள். பலகை மாதிரி விறைப்பாக நிற்கிறது. ஒரு கண்ணிக்குள் குண்டூசிகூட நுழையாது. நீ விமானம் ஏறக் கிளம்பிய அன்று ஈப்போ பஸ் நிலையத்தில் அதைத்தான் கையில் சுருட்டி வைத்திருந்தேன். உனக்குக் கொடுக்கலாம் என்று கொண்டு வந்தேன், கொடுக்கவில்லை. பஸ் போன பிறகு கையைப் பார்த்தால், அந்த விரிப்பின் வடிவம் என் உள்ளங்கையில் அச்சாகப் பதிந்திருந்தது. அவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததில் யாருக்கு என்ன லாபம்? ஆகவே தளர்வாகப் பிடி. நூலையும்.

இப்போது வளையத்துக்குள் ஆறு கண்ணி போட வேண்டும். ஊசியை உள்ளே குத்து, நூலைப் பிடித்து இழு, ஊசியில் இரண்டு சுருக்கு இருக்கும். மறுபடி நூலைப் பிடித்து இரண்டுக்குள்ளும் சேர்த்து இழு. அதுதான் ஒரு கண்ணி. இந்தத் தொப்பி முழுவதும் அந்த ஒரே கண்ணிதான், வேறு எதுவும் நீ கற்றுக்கொள்ள வேண்டாம். ஆறு முடிந்ததும் ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் இரண்டு போடு, பன்னிரண்டு ஆகும். தலை என்றால் மேலே படுத்திருக்கும் சின்ன 'வி' வடிவம், அதன் இரண்டு காலுக்கும் கீழே ஊசி போக வேண்டும். அடுத்த சுற்றில் ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, பதினெட்டு. அடுத்தது ஒன்று, ஒன்று, இரண்டு, இருபத்துநான்கு. இப்படியே ஒவ்வொரு சுற்றிலும் ஆறு ஆறாகக் கூட வேண்டும். ஏழாவது சுற்றில் நாற்பத்திரண்டு வரும். அங்கே நிறுத்தி, பிறகு கூட்டாமல் நேராகப் பத்துச் சுற்று. அவள் தலைக்கு அது போதும்.

இந்த ஆறு எனக்கு எப்படி வந்தது தெரியுமா? எஸ்டேட் தோட்டத்தை விட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்த புதிதில் எனக்கு யாரையும் தெரியாது. வாங்கி வைத்த கொக்கி ஊசியை வைத்து டீவிக்கு வட்டமாக ஒரு விரிப்பு பின்னினேன். சுற்றச் சுற்ற அது மேலே வளைந்து கிண்ணமாகிவிட்டது. உனக்கு அப்போது எட்டு வயது. அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டாய். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் மாக்சிக் ரோஸ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, தொழுகைக்குப் போடும் கோப்பியாத் தொப்பி நன்றாக இருக்கிறது, தன் வீட்டுக்காரருக்கும் ஒன்று வேண்டும் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. மறுநாள் அவரே தன் ஊசியோடு வந்தார். எனக்கு மலாய் அவ்வளவாக வராது, அவருக்குத் தமிழ் வராது. விரலால் எண்ணிக் காட்டினார். ஆறு கூட்டினால் தட்டையாக விரியும். குறைந்தால் கிண்ணமாகும். மிஞ்சினால் அலை அலையாக நெளியும். அன்றைக்கு நாங்கள் பேசிக்கொண்ட ஒரே வார்த்தை 'எனாம்', மலாயில் ஆறு. அந்த ஒரு வார்த்தையில் பிடித்த சிநேகம் இன்றுவரை போகிறது.

எழுதுபவள் குறிப்பு: அண்ணே, ஏன் ஆறு என்று அம்மாவுக்கும் தெரியாது, மாக்சிக்குக்கும் தெரியாது. நான் கணக்குப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். வட்டத்தின் சுற்றளவு 2πr. ஒரு சுற்று பின்னினால் r ஒரு கண்ணி உயரம் கூடுகிறது. கண்ணி அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்று என்றால், சுற்றளவு 2π, அதாவது ஆறே கால் கண்ணி கூட வேண்டும். கால் கண்ணி போட முடியாது, ஆகவே ஆறு. இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு முதுகில் சிலிர்த்தது. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இரண்டு பேர் விரலால் π-ஐப் பேசியிருக்கிறார்கள். அம்மாவிடம் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப நான் செஞ்சது சரின்னு சொல்ற. அதுக்கு இவ்வளவு பேச்சா?" என்றாள். தொப்பி என்பது தெரிந்தே ஓர் இடத்தில் ஆறைக் கூட்டாமல் நிறுத்துவது. அவ்வளவுதான்.

சுற்று எங்கே தொடங்கியது என்று மறந்துபோகும். அடையாளத்துக்குச் சேஃப்டி பின் குத்தி வைப்பார்கள். நீ அதைச் செய்யாதே. குழந்தை இருக்கிற இடத்துக்கு ஊக்கு எதுவும் வரக் கூடாது. வேறு நிறத்தில் ஒரு விரல் நீளம் நூலை முதல் கண்ணியின் குறுக்கே படுக்க வை, சுற்றுக்குச் சுற்று அதை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே போகலாம், கடைசியில் இழுத்தால் வந்துவிடும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் எண்ணு. எண்ணும்போது யாராவது பேசினால் பதில் சொல்லாதே, மாமியாரே ஆனாலும். பாதியில் எழுந்து போக வேண்டியிருந்தால், ஊசியில் இருக்கும் சுருக்கைப் பெரிதாக இழுத்துவிட்டுப் போ, தவறி விழுந்தாலும் பிரியாது. அரைமணிக்கு ஒருமுறை கையை உதறு, கழுத்தைத் திருப்பு, தூரத்தில் எதையாவது பார்.

எழுதுபவள் குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. ஆறு பக்கங்களையும் நேற்றே அனுப்பிவிட்டேன். இப்போது நீ அனுப்பிய படம் வந்தது. ஐந்து சுற்று முடித்திருக்கிறாய். "தேனு, இது தொப்பி மாதிரி இல்ல, கீரை மாதிரி இருக்கு. அம்மாகிட்ட காட்டு" என்று எழுதியிருந்தாய். காட்டினேன். அம்மா என் கையிலிருந்து ஃபோனை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கி, உதடு அசைய எண்ணத் தொடங்கினாள். கண்ணாடி போடவில்லை. வெளிச்சத்துக்குக்கூட நகரவில்லை.

ஐயா, ஐந்தாவது சுற்றில் முப்பது இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொன்பது இருக்கிறது. அதனால்தான் நெளிகிறது. கண்ணி எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, முதல்முறை பின்னுகிறவன் கை என்று சொல்லவே முடியாது. ஆனால் நடுநடுவே ஒரே ஓட்டையில் தேவையில்லாமல் இன்னொரு முறை குத்தியிருக்கிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும். நிமிர்ந்து கண்ணாடி வழியாக அவளைப் பார்த்திருக்கிறாய். திரும்பும்போது விட்ட இடம் மறந்துபோய், குத்திய இடத்திலேயே மறுபடி குத்தியிருக்கிறாய். அப்படி ஒன்பது. ஒரு மனிதன் தன் பிள்ளையை எத்தனை தடவை நிமிர்ந்து பார்த்தான் என்பது நூலில் அப்படியே பதிந்திருப்பதை நான் இன்றுதான் பார்க்கிறேன். அந்த ஒன்பதையும் பிரிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பிரி. இரண்டாவது சுற்று வரைக்கும் பிரித்துவிட்டு மறுபடி தொடங்கு. பிரிப்பது கேவலமில்லை. இதில் பாதி வேலை பிரிப்பதுதான். நிமிர்ந்து பார்ப்பதையும் நிறுத்தாதே. சுற்றை முடித்துவிட்டுப் பார்.

எழுதுபவள் குறிப்பு: இதை எழுதிவிட்டு நான் கேட்டேன்.

"அம்மா, ஒம்பதுன்னு எப்படித் தெரியும்?"

"எண்ணினேன்."

"எதால எண்ணுனீங்க?"

அம்மா ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அப்பா, "கண்ணு தெரியாதவங்க எல்லாம் இப்படி எண்ணுனா, எங்க கம்பெனிக்கு வரச் சொல்லுலா. கல் ஏத்துற சூப்பர்வைசருக்கு லாரியே தெரிய மாட்டேங்குது" என்றார். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவும் பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். பிறகு அம்மா, "எழுதிக்கோ. நீதான் எதையும் மறைக்க மாட்டேன்னு எழுதிட்டியே" என்றாள்.

ஐயா, என் கண் நன்றாகத் தெரிகிறது. உன்னிடம் பொய் சொன்னேன். பிறக்காத பிள்ளைக்குத் துணிமணி சேர்க்கக் கூடாது என்று நம் வீட்டில் ஒரு முறை உண்டு, உனக்கும் தெரியும். உனக்கும் தேனுவுக்கும் நான் அப்படித்தான் இருந்தேன், பிறக்கும் வரை ஒரு கைக்குட்டைகூட வாங்கவில்லை, பிறந்த பிறகும் முதலில் பழைய வேட்டித் துணிதான். மருமகள் சுகன்யாவுக்கு நாலாம் மாதம் நடக்கும்போது ஈப்போவில் ஒரு கடையில் இளமஞ்சள் நூல் ஒன்றைப் பார்த்தேன். குஞ்சுக் கோழியின் நிறம். கை தானாக எடுத்துவிட்டது. நீங்கள் இருவரும் அத்தனை தூரத்தில் இருக்கிறீர்கள், வயிற்றைத் தொட்டுப் பார்க்கக்கூட என்னால் முடியவில்லை, ஆசையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் ஒரு தொப்பி பின்னினேன். யாருக்கும் சொல்லாமல் மைலோ டின்னுக்குள் போட்டு மூடி வைத்தேன். தினம் ஒருமுறை திறந்து பார்ப்பேன். ஏழாம் மாதமே பிள்ளை பிறந்துவிட்டது என்று நீ ஃபோன் செய்த அன்று, என் நினைவுக்கு முதலில் வந்தது அந்த டின்தான். முறையை மீறி நான் அழைத்துவிட்டேன், தனக்குத் துணி தயார் என்று அவள் கிளம்பி வந்துவிட்டாள் என்று தோன்றியது. நின்றவாக்கில் தொப்பியை எடுத்து நூலின் நுனியை இழுத்தேன். இந்தப் பின்னலில் அதிசயமும் அதுதான், பயங்கரமும் அதுதான். ஒரே நூல். முடிச்சு அவிழ்ந்தால் ஒரு வாரம் செய்தது மூன்று நிமிடத்தில் இல்லாமல் போய்விடும். ஊசியை அலமாரிக்கு மேல் வீசினேன். இந்தக் கையால் அவளுக்கு இனி எதுவும் செய்யக் கூடாது என்று முடிவு செய்தேன். அப்போதுதான் நீ தொப்பி கேட்டாய். சுகன்யாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியதால்தான் டாக்டர்கள் பிள்ளையை முன்கூட்டியே எடுத்தார்கள் என்று எனக்கும் தெரியும். தெரிவது ஒரு தட்டில் இருக்கிறது, நம்புவது வேறொரு தட்டில் இருக்கிறது. என் மருமகளிடம் இதைச் சொல்லிவிடு. அவள் கோபப்பட்டால் நியாயம்தான்.

எழுதுபவள் குறிப்பு: இந்தப் பக்கத்தை அனுப்பும்போது அம்மா பின்கட்டுக்குப் போய்விட்டாள். நாற்பது நிமிடம் கழித்து அண்ணியின் குரல் பதிவு வந்தது. அம்மாவைக் கூப்பிட்டு வைத்துத்தான் போட்டேன். அண்ணி சொன்னது இது: "அத்தை, நான்தான் பேசுறேன். நீங்க தொப்பிதான் பின்னுனீங்க. நான் மூணாம் மாசமே பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில ஒரு ஜோடி காலுறை வாங்கிட்டேன். உங்க பிள்ளைக்குத் தெரியாம ரைஸ் குக்கர் பெட்டிக்குள்ள வச்சிருக்கேன். நானும் இத்தன நாளா அத நெனச்சு நெனச்சு அழுதுக்கிட்டு கிடந்தேன். இப்ப உங்க லெட்டர படிச்சதும் சிரிப்பு வந்திருச்சு. தொப்பிக்கு ஒரு மாசம், காலுறைக்கு ஒரு மாசம்னு கணக்குப் பண்ணிக் கெளம்பி வந்தாளா? என் ப்ரஷரு அத்தை. உங்க கையுமில்ல, என் கையுமில்ல. அழாதீங்க. எனக்கு ஆபரேசன் வலிக்குது, சிரிக்க வைக்காதீங்க."

அம்மா அதை மூன்று முறை போடச் சொன்னாள். மூன்றாவது முறை முடிந்ததும், "காலுறை என்ன நெறம்னு கேளு" என்றாள். கேட்டேன். மஞ்சளாம். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, அப்பா "நான் எடுக்குறேன், நீ விழுந்துறாத" என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், தானே ஏறி, அலமாரிக்கு மேலிருந்த ஊசியை எடுத்தாள்.

பிரித்த நூலைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன் ஐயா, உனக்கும் உதவும். பிரித்த நூல் பழைய கண்ணிகளை மறக்காது, சுருள் சுருளாகவே நிற்கும். அப்படியே பின்னினால் புதிய வேலை கோணும். அதைத் தளர்வாக வளையமாகச் சுற்றி, இரண்டு மூன்று இடத்தில் கட்டி, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அடியில் கொஞ்சம் கனத்தைத் தொங்கவிட்டுக் காயப்போடு. காய்ந்ததும் நேராகிவிடும். நான் நம் கொடியில் இப்போதுதான் தொங்கவிட்டேன். கனத்துக்கு அந்த மைலோ டின்தான். உனக்கு அவ்வளவு நேரம் இல்லை, நீ பிரித்தது கொஞ்சம்தான், அப்படியே பின்னு. அவள் குறை சொல்ல மாட்டாள்.

பதினேழாவது சுற்று முடிந்ததும் நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, கடைசிச் சுருக்குக்குள் இழுத்துவிடு. முடிச்சுப் போடாதே. அவள் மண்டை எலும்பு இன்னும் கூடவில்லை, உள்ளே ஒரு சின்ன முடிச்சு இருந்தாலும் அழுத்தும். நூல் நுனியை ஊசியால் கண்ணிகளுக்குள் ஒரு பக்கம் கொஞ்ச தூரம் கொண்டுபோ, பிறகு எதிர்ப்பக்கம் திருப்பிக் கொண்டுவா, பிரியாது. அளவு பார்க்க அவள் தலையைத் தேட வேண்டாம். ஒரு பெரிய ஆரஞ்சு எடுத்து, அவள் தலைச் சுற்றளவு வரும் வரைக்கும் மேலே துணியைச் சுற்றி, அதற்குப் போட்டுப் பார். பிறகு வெந்நீரில் துவைத்து, நன்றாகக் காயவைத்து, சுத்தமான பைக்குள் வைத்துக் கொடு. கோணலாக இருந்தால் கவலைப்படாதே. கோணலான தொப்பியும் சூட்டை விடாது.

எழுதுபவள் குறிப்பு: திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி. நீ பின்னி முடித்துக் கொடுத்துவிட்டாய் என்று காலையிலேயே தெரியும். இரத்தப் பரிசோதனை முடிவுக்காக நீயும் அண்ணியும் அங்கே காத்திருக்கிறீர்கள், நாங்கள் இங்கே. மழை பெய்கிறது. அப்பா இன்று லாரி எடுக்கவில்லை. காரணம் கேட்டால் டயர் என்கிறார். டயரில் ஒன்றுமில்லை, நான் போய்ப் பார்த்தேன். அம்மா மதியத்திலிருந்து அந்த மஞ்சள் நூலில் பின்னிக்கொண்டிருக்கிறாள். ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு என்று வந்து, ஏழாவது சுற்றில் நாற்பத்திரண்டு ஆனது. அங்கே நிறுத்திவிட்டு நேராகப் போக வேண்டும் என்று நான்தானே எழுதினேன், அதனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா நிறுத்தவில்லை. எட்டாவது சுற்றிலும் ஆறு கூட்டினாள். நாற்பத்தெட்டு.

"அம்மா, கூடிப்போச்சு. எண்ணாம போட்டுட்டீங்க."

"எண்ணித்தான் போட்டேன்" என்றாள். "இது ரெண்டு கிலோ ஆனதும் போடுறதுக்கு."

முறைப்படி இதுவும் முன்கூட்டியே செய்வதுதான். நான் அதைச் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியாததா? ஒரு நூல் எங்கிருந்தோ வந்து, ஊசியின் நுனியில் ஒரு கணம் நின்று, பிறகு துணியாகிவிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எத்தனை முறை பார்த்தாலும் எந்தக் கணத்தில் அது துணியாகிறது என்று மட்டும் என்னால் பிடிக்க முடியவில்லை.

ஐந்து மணி இருபது நிமிடத்துக்கு உன்னிடமிருந்து படம் வந்தது. கண்கட்டு இல்லை. முதல்முறையாக அவளுடைய கண்களைப் பார்த்தோம், ஒன்று பாதி திறந்திருந்தது. தலையில் உன் தொப்பி, இடப்பக்கம் கொஞ்சம் கோணல். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தையல் நேரா இல்லலா" என்றார். அம்மா படத்தைப் பெரிதாக்கி தெரிகிற பக்கத்து விளிம்பை எண்ணினாள், இருபத்தொன்று. மறுபக்கமும் சேர்த்தால் சரியாக நாற்பத்திரண்டு. படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்த ஒரு வரியை அம்மா என்னை வாசிக்கச் சொன்னாள், தன்னால் வாசிக்க முடியும் என்றாலும். வாசித்தேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்: மாலை ஐந்து மணி பத்து நிமிடம், நீல விளக்குகள் அணைக்கப்பட்டன.